ஒரே லயம், ஒரே வயிறு

அத்தியாயம் நான்கு

"வாயத் தொறக்காதீங்க மேடம். உள்ள போன் கேட்டுக்கிட்டிருக்கு."

ஏலச்செடிகளுக்கு ஊடே பதுங்கிப் பதுங்கி வந்து, ஜீப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கத்தரீனாள் சொன்ன முதல் பேச்சே இதுதான். வாங்க இல்லை, வணக்கம் இல்லை. தலையில் போட்டிருந்த துண்டு பிழியும் பதத்தில் நனைந்திருந்தது. சக்குபள்ளத்துப் பனி அப்படித்தான். மழை மாதிரி விழாது, வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த லிபினுக்கு உள்ளங்கை வியர்த்தது. பயம் வந்தால் மற்றவர்களுக்கு நடுக்கம் வரும், லிபினுக்கு ஜோக் வரும். பிறவிக் கோளாறு.

"செவுத்துக்குக் காது உண்டுன்னு கேட்டிருக்கேன் சித்தி. போனுக்குமா? நாளைக்குக் குக்கருக்குப் பல்லு மொளச்சிருச்சும்பீக."

"டேய் லிபினு, சித்த நேரம் சும்மா இரு கண்ணு," என்றாள் பிரதீபா.

சிட்டூரில் பிரதீபாவின் ஆபீஸ் வாசலில் 'வருமான வரி ஆலோசகர்' என்று போர்டு தொங்கும். போர்டில் எழுதாத தொழில் துப்பறிவது. கணக்கில் பொய் தேட ஆரம்பித்தவள், மெல்ல மெல்ல ஆட்களிடமும் தேட ஆரம்பித்துவிட்டாள். லிபின் அவளுக்கு ஜீப் ஓட்டுவான், மைக் கட்டுவான், கூடவே போய் மாட்டிக்கொள்ளவும் செய்வான். இதே சக்குபள்ளத்துக்காரன். அவன் வீடு இந்த ரோட்டிலேயே கொஞ்சம் மேலே இருக்கிறது. சுவக்கீனையும் கத்தரீனாளையும் சித்தப்பா சித்தி என்றுதான் கூப்பிடுவான். எந்த வழியில் சித்தப்பா என்று கேட்டால் தெரியாது. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்களுக்கு அடுத்த கதவெல்லாம் சித்தப்பா கதவுதான்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க," என்று கீழே இறங்கினாள் பிரதீபா. "பதறாம சொல்லுங்க."

கத்தரீனாள் பதறிக்கொண்டேதான் சொன்னாள். இரண்டு நாளாக இந்தக் கூத்து. கொச்சியிலிருந்து கிஃப்ட் டாக்ஸ் ஆபீசர் என்று ஒருவன் சுவக்கீனுக்குப் போன் போட்டான். வீடியோவில் ஆள் இல்லை, ஒரு சிங்க முத்திரை மட்டும். நீ அரெஸ்டில் இருக்கிறாய், ஆனால் உன் வீட்டுக்குள்ளேயே. போனை அணைக்கக் கூடாது, வெளியே போகக் கூடாது, யாரிடமும் மூச்சு விடக் கூடாது. தூங்கும்போதும் போன் தலைமாட்டில் இருக்க வேண்டும்.

"இன்னைக்கு உச்சைக்குள்ள, பன்னெண்டு மணிக்குள்ள, மரியதாஸ் அண்ணன் தந்த பணத்தப் பூரா அவங்க சொல்ற கணக்குல போட்டுறணுமாம். இல்லேன்னா பெங்களூர்ல நர்சிங் படிக்கிற எம்மக சிஞ்சுவ ஆஸ்டல்ல வந்து..." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டு, குரலை இன்னும் தாழ்த்தினாள். "செடிக்கு அடிக்க வச்சிருந்த பூச்சி மருந்தெல்லாம் எடுத்துப் பக்கத்து வீட்டுல ஒளிச்சு வச்சிட்டேன் மேடம். அவரு பார்வை சரியில்ல."

லிபினின் வாயில் வந்துகொண்டிருந்த அடுத்த ஜோக் பாதியில் செத்தது.

"நீங்க தகவல் அனுப்பினதுமே சைபர் போலீசுக்குச் சொல்லியாச்சுங்க. வண்டி மலையேறி வந்து சேரோணும். அதுவரைக்கும் பணம் போகாமப் பாத்துக்கறது நம்ம வேலை," என்று போனைத் தூக்கிப் பார்த்தாள் பிரதீபா. "என்னடா இது, சிக்னலே காணோம்?"

"இந்த வளைவுல ரேஞ்சு கெடைக்காதுக்கா. மேல எங்க வீட்டுப் பக்கம் போனா ரேஞ்சும் கெடைக்கும், ரிஞ்சும் கெடைப்பான். ரிஞ்சுன்னா என் தம்பி. பெங்களூர்ல இருந்து வந்திருக்கான்."

"எங்க முன்னறையில மட்டும் ரெண்டு கட்டை நிக்கும்," என்றாள் கத்தரீனாள். "அதுவும் வரும், போகும்."

நடந்துகொண்டே பிரதீபா லிபினின் சட்டையை இழுத்தாள். "அந்த மரியதாஸ் கதையை இன்னொருக்காச் சொல்லு. நம்ம கேம்ப்புல நடந்ததை."

லிபினுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. போன மாதம் சர்ச் ஹாலில், பூசை முடிந்ததும் 'வருமான வரி, கிஃப்ட் டாக்ஸ்: உங்கள் சந்தேகங்களுக்குப் பதில்' என்று பேனர் கட்டி பிரதீபா உட்கார்ந்தாள். சனம் அள்ளியது. சீட்டுப் பணத்துக்கு வரியா, ஏலக்காய் விற்ற காசுக்கு வரியா, மாமியார் போட்ட சங்கிலிக்கு வரியா என்று ஆளாளுக்குக் கேள்வி. சுவக்கீன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "அண்ணன் வீடு கட்டக் கொஞ்சம் பணம் தந்தாரு, அதுக்கு வரி உண்டுங்களா?" என்று கேட்டார். "கூடப் பொறந்த அண்ணனுங்களா?" என்று பிரதீபா திருப்பிக் கேட்டாள். சுவக்கீன் வாயைத் திறப்பதற்குள் ஹாலே பதில் சொல்லிவிட்டது. "ஆமா மேடம், நம்ம கத்தார் மரியதாஸ்!" அப்படியானால் வரியே இல்லை, கவலைப்படாதீர்கள் என்றாள் பிரதீபா. எல்லோரும் கை தட்டினார்கள்.

எல்லாம் முடிந்து ஜீப்பில் மைக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது சுவக்கீன் மெதுவாக வந்து நின்றார். மரியதாஸ் பெரியப்பா மகன். பெரியப்பா போனபிறகு ஒரே வீட்டில், ஒரே தட்டில் வளர்ந்தவர்கள். அண்ணன் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே மறந்துவிட்டது. சட்டம் அப்படி மறக்காதுங்க என்றாள் பிரதீபா. கூடப் பிறந்தவர் தந்தால் வரி இல்லை, அப்பா அம்மாவோடு பிறந்தவர் தந்தாலும் இல்லை. ஆனால் பெரியப்பா மகன் அந்தப் பட்டியலில் வரமாட்டார். ஐம்பதாயிரத்துக்கு மேலே போனதால் அத்தனையும் உங்கள் வருமானத்தில் சேரும், ரிட்டர்னில் காட்ட வேண்டும். ஆனாலும் பயம் வேண்டாம், உங்கள் மொத்த வருமானம் பன்னிரண்டு லட்சத்துக்குள்தானே, புது முறையில் வரி ஒன்றும் வராது, காட்டினால் போதும். இவ்வளவு சொன்னாள். சுவக்கீன் கடைசிப் பாதியைக் கேட்டாரா என்பது சந்தேகம். 'அண்ணன் பட்டியலில் இல்லை' என்றதும் முகம் தொங்கிவிட்டது.

"அவரு போனதும் நீயொரு வியாக்கியானம் சொன்னியே," என்றாள் பிரதீபா.

லிபினுக்குத் தன் ஜோக்கை யாராவது திருப்பிக் கேட்டால் கொள்ளைப் பிரியம். பயத்திலும் இளித்தான். "சர்க்காருக்கு ஒரே லயத்துல இருந்து வந்தாப் பத்தாது, ஒரே வயித்துல இருந்து வரணும்னேன்."

பிரதீபா சிரிக்கவில்லை.

வீட்டின் முன்னறை. மாதா படத்துக்குக் கீழே மேஜை, மேஜை மேல் ஒரு டம்ளரில் சாய்த்து வைத்த போன். திரையில் சிங்க முத்திரை. ரேஞ்சு பத்தாமல் இந்தப் பக்கத்துப் படம் போவதில்லை, சத்தம் மட்டும்தான். அதற்கு முன்னால் சுவக்கீன் பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பேங்குக்குப் புறப்பட. சவரம் செய்யவில்லை. சத்தம் வராமல் சுவரோடு சுவராக ஒட்டி உள்ளே வந்த பிரதீபாவையும் லிபினையும் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. வேண்டாம் என்று கையைக் கூப்பினார்.

பிரதீபா காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் காட்டினாள். 'இது பொய். இவன் ஆபீசர் இல்லை.'

சுவக்கீன் படித்தார். தலையை ஆட்டினார், இல்லை இல்லை என்று. பேனாவை வாங்கி நடுங்கிக்கொண்டே எழுதினார். 'மரியதாஸ் கூடப் பிறக்கலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களைத் தவிர யார்ட்டயும் சொல்லல. சர்க்கார் இல்லாம யாருக்குத் தெரியும்?'

அந்தச் சமயம் பார்த்து லிபினின் முழங்கை அலமாரியில் இடித்தது. மேலிருந்த எவர்சில்வர் தட்டு ஒன்று விழுந்து, தரையில் சுற்றி, ஊருக்கே சொல்லிவிட்டு அடங்கியது.

"ஆரா அது?" என்றது போன்.

 தொண்டைக்குள் சரளைக்கல் போட்டு உலுக்குகிற மாதிரி ஒரு குரல்.

"பூனை சார்," என்றாள் கத்தரீனாள்.

"பூச்சைக்கும் அக்கவுண்ட் உண்டோ? ஆதார் லிங்க் செய்தோ?" போன் சிரித்தது. "சுவக்கீன், உச்சை ஆகாறாயி. பேங்குக்கு இறங்ஙு. போனை பாக்கெட்டில் வைக்கு. ஒரு வாக்கு மிண்டிப்போகருது, பேசக் கூடாது. நான் கேக்கும்."

சுவக்கீன் எழுந்தார். பிரதீபா அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். கத்தரீனாள் பக்கம் திரும்பி வயிற்றைத் தொட்டு ஜாடை காட்டினாள். கத்தரீனாளுக்குச் சட்டென்று புரிந்தது.

"சார், அவருக்கு வயித்தாலப் போகுது சார். ராத்திரி பூரா. கொஞ்சம் அடங்கட்டும், அனுப்பிருறேன்."

போன் சலித்துக்கொண்டது. பிரதீபா அடுத்த தாளில் வரிசையாகக் கேள்விகளை எழுதி கத்தரீனாள் கையில் கொடுத்தாள். கத்தரீனாள் வாசலுக்கு ஒரு பார்வை, தாளுக்கு ஒரு பார்வை என்று கேட்க ஆரம்பித்தாள்.

"சார், கோவிச்சுக்காம சொல்லுங்க. இந்த வரிய தந்தவரு கட்டணுமா, வாங்கினவரு கட்டணுமா?"

"ரெண்டாளும். பாதி பாதி."

பிரதீபா தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"எங்க கல்யாணத்துக்கு வந்த மொய்க்கும் உண்டுங்களா?"

"உண்டு. மோதிரத்துக்கும் உண்டு."

இன்னொரு பெருக்கல் குறி.

"அப்பா மகளுக்குப் போடற நகைக்கு?"

"அதுக்குத்தான் கூடுதல்."

மூன்றாவது. லிபினுக்கே சிரிப்பு வந்தது. அவனே இதைவிட நன்றாகப் பதில் சொல்வான். கத்தரீனாள் கடைசிக் கேள்விக்கு வந்தாள். அதைக் கேட்கும்போது மட்டும் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணன் தந்தா சார்?"

"அண்ணன் தந்நால் ஒண்ணும் வேண்டா. அப்பா அம்மா கூடப் பிறந்தவர் தந்நாலும் வேண்டா. பெரியப்பா மகன் தந்நால் மொத்தமும் வருமானத்தில் கூடும்." அந்தக் குரலுக்கு இப்போது குஷி வந்துவிட்டது. "கேட்டோ சுவக்கீனே, ஒரே லயத்துல இருந்து வந்தாப் பத்தாது. ஒரே வயித்துல இருந்து வரணும்."



லிபினின் ஜோக். ஒரு எழுத்துக்கூட மாறாமல் அவனுடைய ஜோக். அந்த ஒரு வரியில் மலையாள வாடைகூட இல்லை. மெதுவாகத் தலையைத் திருப்பினான். பிரதீபா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. 

"மரியதாஸ் என் அண்ணன் அல்ல, பொய் சொன்னேன் எந்நு சொல்லு," என்றது போன். "ரெக்கார்டுக்கு வேணும். சொல்லு."

  சுவக்கீனின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "பணத்தக் கட்டிருறேன் சார்," என்றார் கடைசியில். "அத மட்டும் சொல்லச் சொல்லாதீங்க."

அப்போதுதான் கேட்டது. போனுக்குள்ளிருந்து, குரலுக்குப் பின்னால், எங்கோ தூரத்தில், பப்பரப் பப்பரப் பீ... என்று ஒரு ராகம்.

டூரிஸ்ட் பஸ்ஸில் கழற்றிய பழைய ஹாரனை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு மத்தி மீன் விற்கிறவன் இந்த மலையில் அஜய் ஒருவன்தான்.

பிரதீபா லிபினின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிணற்றடிக்கு வந்தாள்.

"கொச்சி ஆபீசுலயும் அஜய் மீன் விக்கறான் போல," என்று லிபின் கிசுகிசுத்தான்.  "அக்கா, அவன் இங்கதான் எங்கயோ இருக்கான். நம்மளப் பாத்துக்கிட்டு இருந்தா? ஏரோது ராஜா மாதிரிப் பேசறான் அக்கா. கிறிஸ்மஸ் நாடகத்துல பச்சப்புள்ளைகள வெட்டச் சொல்லுவாருல்ல, அதே கொரலு."

"நான் சொல்றதக் கேளு. மூணு கேள்விக்குத் தப்பாச் சொன்னவன் நாலாவதுக்கு மட்டும் அட்சரம் பெசகாமச் சொல்றான். ஏன்? மத்தது அவனுக்குத் தெரியாது. இது அவன் படிச்சதில்லடா, கேட்டது. நாஞ் சொன்ன பதிலை அப்படியே சொல்றான். அன்னைக்கு ஜீப்புக்கிட்ட இருந்தது ஆரு ஆரு?"

 "நீங்க. சித்தப்பா."

"அப்பறம்?"

"அக்கா, மாதா சத்தியமா நான் இல்ல."

"நீ இல்லீன்னு எனக்குத் தெரியும். நீ போன் பண்ணியிருந்தா ரெண்டு நாளு பேசாம இருந்திருக்க மாட்ட." அவள் குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "அந்த ஜோக்கை எங்கெங்க சொன்ன?"

"டின்சி சேச்சி டீக்கடையில. நவீன்குமார் சலூன்ல முடிவெட்டும்போது. அப்புறம்... டிஜோகிட்ட, பாட்டுப் பயிற்சிக்குப் போனப்ப. அவ்வளவுதான்."

"பேரைச் சொல்லியா?"

"பேரு இல்லாட்டி ஜோக்குல உப்பில்லையேக்கா."

வீட்டில் சொன்னதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் சோற்றுக்கு முன்னால் பேசுவதெல்லாம் ஒரு பேச்சா?

ரோட்டில் ஹாரன் சத்தம் நெருங்கி வந்தது. இப்போது நிஜமாகவே. மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான் அஜய். பிரதீபாவின் கண் மின்னியது.

"அந்த மூணு பேரும் இந்த ரோட்டு மேலதான் இருக்கறாங்க?"

"ஆமா. வரிசையா."

"அப்ப மீன்காரனைத் திரும்ப மேல கூட்டீட்டுப் போ. மொத நிறுத்தத்துல ஒருக்கா ஹாரன் அடிக்கச் சொல்லு. அடுத்ததுல ரெண்டு. அதுக்கடுத்து மூணு. அப்படியே ஏத்தீட்டே போ. நான் உள்ள அந்தப் போனுக்குள்ள எத்தனை ரொம்பப் பக்கத்துல கேக்குதுன்னு எண்ணி உனக்கு மெசேஜ் போடறேன். ஏம்ப்பா, ஓடு! பேங்கு வாசல் வரைக்கும் அவரு போயிட்டா அப்பறம் கடவுளே வந்தாலும் ஆவாது."

அஜய் லேசில் மசியவில்லை. "எடா லிபினே, நினக்கு வட்டாணோ, கிறுக்கா? இப்பத்தானே எல்லா வீட்லயும் வித்துட்டு எறங்கினேன்."

"மிச்ச மத்தி பூரா நான் வாங்கிக்கறேன்."

"காசு?"

"தருவேன்டா. நீ தர்ற மீனு வியாபாரம்தான், கிஃப்ட்டுன்னு எழுதிறாத. பெறகு அதுக்கும் வரி வரும்." ஜோக் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மீன் பெட்டியைத் தொடை மேல் வைத்துக்கொண்டு பின்சீட்டில் தொற்றினான். ஸ்கூட்டர் முக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது. பனிக்குள் எதிரில் பத்தடி தெரியவில்லை.  

டீக்கடை. பப்பரப் பப்பரப் பீ. ஒரு முறை. டின்சி சேச்சி கண்ணாடி டம்ளரும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "ஏன்டா, மீனு விக்க ஆள் சேத்துட்டானா உன்ன? நல்ல ஜோடி. அவன் நாத்தம், நீ சத்தம்." லிபின் போனைப் பார்த்தான். ஒன்றும் இல்லை. நல்ல வேளை. சேச்சியாக இருந்திருந்தால் இனி எங்கே போய்ப் புட்டு தின்பது?

சலூன். இரண்டு முறை. நவீன்குமார் சோப்பு நுரை பூசிய ஒரு முகத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, ரெண்டு தடவை ஊதினாலும் எனக்கு மீன் வேண்டாம், விரதம் என்று சைகை செய்தான். மெசேஜ் இல்லை.  மிச்சம் டிஜோ மட்டும்தான். டிஜோ! பாட்டுக்குழுவில் தாழ்ந்த சுருதி பாடுகிறவன். சரளைக்கல் தொண்டை. இவனாகத்தான் இருக்கும். இவன் முன்பு ஒருமுறை பொய்ப் பேரில் சிம் வாங்கி மாட்டியவனாயிற்றே!

டிஜோ வீட்டுக்கு முன்னால் ஒரு வீடு இருந்தது. லிபின் அதை நிறுத்தமாகவே நினைக்கவில்லை. அஜய்தான் வழக்கப்படி நிறுத்தி, மூன்று முறை ஊதிவிட்டான்.

"என்னப்பா, இப்பத்தான வந்து போன?" என்று அம்மா சட்டியோடு வெளியே வந்தாள். "அட, இதாரு லிபினு! மீன் வண்டியிலயா வேலை? அந்த மேடம் தொரத்தி விட்டுட்டாகளா?"

"இல்லம்மா. வந்து சொல்றேன்."

"மெதுவாப் பேசு. மேல தம்பிக்கு ஆபீசு நடக்குது. ரெண்டு நாளா அறைய விட்டு எறங்கல. கதவத் தட்டினாக்கூட வேலை போயிருமாம். சோறுகூட படிக்கட்டுல வச்சிட்டு வாரேன்."

லிபின் சிரித்துக்கொண்டே போனைப் பார்த்தான். மெசேஜ் இல்லை. பின்னே? இங்கே எப்படி வரும்? அவன் அஜயின் முதுகைத் தட்டினான். "விடு, டிஜோ வீட்டுக்கு."

டிஜோ வீட்டு முன்னால் நான்கு முறை ஊதினார்கள். ஜன்னல் திறந்தது. டிஜோ தூக்கக் கண்ணோடு பார்த்தான். "ஏலே, பைத்தியமா புடிச்சிருக்கு?" வெறும் உடம்பு, போர்வை, கையில் போன்கூட இல்லை. லிபின் அவனையே முறைத்துக்கொண்டு நின்றான். வாடா மெசேஜ், வா. நாலு என்று வா.

பாக்கெட்டில் போன் துடித்தது.

எடுத்தான். பிரதீபாதான். ஒரே சொல். அனுப்பிய நேரத்தைப் பார்த்தான். அனுப்பிச் சற்று நேரம் ஆகியிருந்தது. கீழே அந்த முன்னறையில் ரேஞ்சு வந்தும் போயும் தவித்து, இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

'மூணு.'

லிபின் அதை ஒருமுறை படித்தான். ஒன்று, டின்சி சேச்சி. இரண்டு, சலூன். நான்கு, இந்த வாசல். விரலை மடக்கி எண்ண வேண்டிய கணக்கே இல்லை. ஆனாலும் மடக்கினான். மூன்றாவது விரல் மடங்க மாட்டேன் என்றது.

"என்னடா, முகம் வெளுத்துப் போச்சு?" என்றான் அஜய்.

 லிபின் மத்திப் பெட்டியை ரோட்டில் வைத்துவிட்டு நடந்தான். முதலில் நடந்தான், பிறகு ஓடினான். ஓடும்போது அந்தச் சரளைக்கல் குரல் காதுக்குள் வந்தது. ஏரோது ராஜா. ஆறாம் வகுப்பில் ஒருத்தன் தாடி ஒட்டிக்கொண்டு, அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு பேசி, முன்வரிசைக் குழந்தைகளை எல்லாம் அழ வைத்தான். பங்குச்சாமியார் அவனுக்கு ஜெபமாலை பரிசு தந்தார். தாடியை ஒட்டிவிட்டது லிபின்தான்.

"என்னடா, செருப்போட உள்ள வாற!" என்று அம்மா கத்தினாள். மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். "மேல போகாத! ஆபீசு நடக்குது!"

படிக்கட்டில் காலைச் சோறு ஆறிக் கிடந்தது. கதவுக்குப் பின்னால், தாழ்ந்து, கனத்து, அந்தக் குரல்.

"...இறங்ஙியோ சுவக்கீன்? கேட்டைத் தாண்டியோ? இனி மிண்டருது."

லிபின் கதவு முன் நின்றான்.  இவ்வளவு பயம் அவனுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. இந்த முறை ஜோக் வரவில்லை. வந்தது அந்தப் பழையது ஒன்றுதான். அதுவும் ஜோக்காக வரவில்லை.

"ஏரோதே," என்றான். "கதவத் தெற. ஒரே லயத்துல இருந்து வந்தவன் இல்ல. ஒரே வயித்துல இருந்து வந்தவன் வந்திருக்கேன்."

உள்ளே பேச்சு அறுந்தது.

அந்த மௌனத்துக்குள், அறையில் இருந்த போனிலிருந்து மெல்லிசாக ஒரு குரல் கேட்டது. சுவக்கீன். "சார்? யாரு சார் அது? லிபினு கொரலு மாதிரி இருக்கு..." அதை வெட்டிக்கொண்டு பிரதீபாவின் குரல், இரண்டு நாளில் முதல்முறையாக அந்தப் போனுக்கு முன்னால் யாரோ ஒருவர் பயமில்லாமல் பேசுகிற குரல். "சட்டையைக் கழட்டுங்க சுவக்கீன் அண்ணா. பேங்குக்குப் போக வேண்டீதில்ல. உங்க ஆபீசரு ஊடு இங்கிருந்து மூணாவது ஹாரன். மரியதாஸ் உங்க அண்ணன்தானுங்க. ரிட்டர்ன்ல மட்டும் வேற மாதிரி எழுதிக்கலாம்."

யாரோ அழுதார்கள். சுவக்கீனா கத்தரீனாளா என்று லிபினுக்குத் தெரியவில்லை. கீழே அம்மா மீனை அலசும் சத்தம் நின்றிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. தாழ்ப்பாளில் கை பட்டது, ஆனால் திறக்கவில்லை. சரளைக்கல் எல்லாம் உதிர்ந்துபோய், தாடியும் கிரீடமும் இல்லாத, ஆறாம் வகுப்புப் பையனின் குரல் ஒன்று கேட்டது.

"அண்ணே..."

எந்தச் சட்டத்தை எடுத்துப் பார்த்தாலும், பட்டியலில் இருக்கிற உறவுதான்.